'டூத்' முதல் தந்தம் வரை: ஓர் ஆங்கிலச் சொல்லின் ஜெர்மானிய வேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல்லுக்கு ஆங்கிலத்தில் 'டூத்'. யானையின் வாயிலிருந்து நீண்டு வரும் வெள்ளைக் கொம்பைத் தமிழில் தந்தம் என்கிறோம். இரண்டும் ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். 'ட'வும் 'த'வும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்ற காரணத்துக்காக இதை நம்பினால், 'ஒன்' என்பதும் ஒன்று என்பதும் உறவு, 'எய்ட்' என்பதும் எட்டு என்பதும் உறவு என்று அடுத்து நம்ப வேண்டி வரும். அவை உறவே இல்லை. எது உறவு, எது தற்செயல் என்று பிரித்துச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் ஒலிகள் ஒத்துப்போவதற்கு மதிப்பு குறைவு. ஒலிகள் எப்படி வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு மற்றச் சொற்களிலும் அதே ஒழுங்கில் வருகிறதா என்பதற்குத்தான் மதிப்பு.

கீழே 'டூத்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, இன்றைய உச்சரிப்பிலிருந்து பழைய ஆங்கிலம், தொல் ஜெர்மானியம் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவற்றின் பொதுத் தாய்மொழி), தொல் இந்தோ-ஐரோப்பியம் (அதற்கும் வடமொழி, இலத்தீன், கிரேக்கம் முதலியவற்றுக்கும் பொதுத் தாய்மொழி) என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறோம். இதே படிகளில் வேறு எந்தச் சொல்லையும் நீங்கள் இறக்கிப் பார்க்கலாம்.

தொடங்கும் முன்: எந்தச் சொல், எந்த அகராதி

முதல் முயற்சிக்கு உடலுறுப்பு, உறவுமுறை, எண், வீட்டு விலங்கு, அன்றாட வினை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை எளிதில் கடன் வாங்கப்படுவதில்லை. ஓரசைச் சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. 'கவர்ன்மென்ட்', 'ஜஸ்டிஸ்' போன்ற ஆட்சிச் சொற்கள் 1066-க்குப் பின் நார்மானியர் வழியாக வந்த பிரெஞ்சுச் சொற்கள். அவற்றில் ஜெர்மானிய வேர் தேடினால் கிடைக்காது.

அகராதிகள் நான்கு போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி (முதல் பகுதி 1884, முழுமை பெற்றது 1928), மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி, பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்-டாலர் அகராதி, தொல் ஜெர்மானியத்துக்கு 2013-இல் வெளிவந்த குரோனனின் சொற்பிறப்பியல் அகராதி. நடுவில் உள்ள இரண்டும் இணையத்தில் இலவசம். விக்ஷனரியும் எட்டிமாலஜி ஆன்லைனும் முதல் பார்வைக்கு மிகவும் உதவும். ஆனால் அங்கே படித்ததை மற்ற நான்கில் ஒன்றிலாவது சரிபார்க்காமல் எழுதிவைக்காதீர்கள்.

அகராதிப் பதிவைப் படிக்கும்போது இரண்டு குறிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால் அது எந்த ஏட்டிலும் கிடைத்த சொல் அல்ல, ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கிய வடிவம். 'ஒப்பிடுக' என்ற பொருளில் வரும் குறிப்பு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்வதில்லை. ஜெர்மன் சொல்லைப் பக்கத்தில் பார்த்ததும் "ஆங்கிலச் சொல் ஜெர்மனிலிருந்து வந்தது" என்று எழுதிவிடுவது தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை. ஜெர்மன் ஆங்கிலத்துக்குத் தாய் அல்ல, உடன்பிறப்பு.

தமிழ் எழுத்து மறைக்கும் ஒன்று

இந்த வேலையில் தமிழ் வாசகர் அதிகம் சறுக்குவது ஒலிகளைக் குறிக்கும் இடத்தில். 'டாக்டர்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், விரல் தொண்டையில் இருக்கட்டும். முதல் 'ட' தொடங்கும்போதே தொண்டை அதிர்கிறது. நடுவில் உள்ள 'ட'வில் அதிர்வு ஒரு கணம் நின்றுவிடுகிறது. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தை எழுதுகிறோம். நாம் பார்க்கப்போகும் விதிகளில் பாதி இந்த அதிர்வைப் பற்றியவை. அதனால் ஒவ்வொரு முறையும் 'அதிரும் த', 'அதிராத த' என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனியால் ஒலிக்கும் 'த', 'ட' இரண்டையும் இங்கே ஒரே வரிசையாக வைத்துக்கொள்ளலாம். பற்களுக்கு நடுவே நாக்கை வைத்து ஊதும் ஆங்கில உரசொலியை 'ஃத்' என்று எழுதுகிறோம். 'டூத்' என்பதன் கடைசி ஒலி அதுதான்.

தந்தம் என்பதை இந்த முறையில் பாருங்கள். வடமொழியில் 'தந்த' என்பதன் முதல் த அதிரும், இரண்டாவது த அதிராது. தமிழ் முறைப்படி ஒலித்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். நம் மொழியில் சொல்லின் முதலில் வரும் வல்லினம் அதிராது, மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் அதிரும். ஆகவே ஒப்பிடும்போது நம் வாயில் வரும் ஒலியை எடுக்கக் கூடாது. வடமொழியின் ஒலிமதிப்பையே எடுக்க வேண்டும். இதில் தவறினால் கீழே வரும் எந்தக் கணக்கும் சரியாக வராது.

படி 1: இன்றைய ஒலியிலிருந்து அச்சுக்கு முந்தைய ஒலிக்கு

இன்று 'டூத்' என்கிறோம், எழுதும்போது 'ஓ' என்ற எழுத்தை இரண்டு முறை போடுகிறோம். ஊகார ஒலிக்கு எதற்கு இரட்டை ஓ? எழுத்து நிலைப்பட்ட காலத்தில் அது ஓகாரமாகவே ஒலித்தது என்பதுதான் விடை. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கில நெட்டுயிர்கள் வரிசையாக மேலே நகர்ந்தன. ஓ ஊவாகியது, ஏ ஈயாகியது, பழைய ஊவும் ஈயும் 'அவ்', 'ஐ' என இரட்டை ஒலிகளாகின. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியபோது இந்த நகர்வு நடந்துகொண்டிருந்தது. எழுத்து பின்தங்கியது, வாய் முன்னே போய்விட்டது.

எனவே இரட்டை ஓவைக் கண்டால் 'ஓ' என்று திருப்பிப் படியுங்கள். இரட்டை 'ஈ' எழுத்தைக் கண்டால் 'ஏ'. 'டூத்' டோஃத் ஆகும், 'டீத்' டேஃத் ஆகும். இடைக்கால ஆங்கில அகராதியில் தலைச்சொல்லும் ஓகாரத்தோடுதான் இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் தம் கதைமாந்தரான பாத் நகரத்துப் பெண்மணியைப் பல் இடைவெளி உள்ளவள் என்று வருணிக்கும் இடத்தில் இந்தச் சொல்லின் ஓகார வடிவம் நிற்கிறது.

எழுத்தை எப்போதும் இப்படி நம்ப முடியாது. 'ஐலண்ட்' என்பதில் எழுதப்படும் ஆனால் ஒலிக்காத 'எஸ்' பழையது அல்ல. இலத்தீன் 'இன்சுலா' வழிவந்த 'ஐல்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு பின்னாளில் செருகியது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையாது. ஒலிக்காத எழுத்தைப் பார்த்தால் இடைக்கால ஆங்கில அகராதியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 2: பழைய ஆங்கிலம், அதன் பன்மை

பாஸ்வொர்த்-டாலரில் கிடைப்பது: ஒருமை 'டோஃத்', பன்மை 'டேஃத்'. ஒருமையை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். வேற்றுமை வடிவங்களில்தான் பழைய சான்று ஒளிந்திருக்கும். பன்மையில் ஓ ஏன் ஏ ஆனது?

முன்னொரு காலத்தில் பன்மைக்கு இகரம் கொண்ட விகுதி ஒன்று இருந்தது. பின்னால் வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே முன்னே நகர்ந்ததால் ஓ மெல்ல ஏ ஆனது. பிறகு விகுதி தேய்ந்து விழுந்தது, மாறிய உயிர் மட்டும் மிஞ்சியது. இதைப் புரிந்துகொள்ள வெளியே போக வேண்டியதில்லை. பேச்சுத் தமிழில் இலை 'எல' ஆகிறது, உலகம் 'ஒலகம்' ஆகிறது, இடம் 'எடம்' ஆகிறது. அடுத்த அசையின் உயிர் முந்தைய இ, உ-வைக் கீழே இழுக்கிறது. திசைதான் வேறு, வேலை அதேதான்.

ஒரு விதியைச் சொன்னால் அதற்குக் குறைந்தது மூன்று இணை கேளுங்கள். இங்கே தாராளமாகக் கிடைக்கும்: ஃபுட் – ஃபீட், கூஸ் – கீஸ், மேன் – மென், மவுஸ் – மைஸ். 'புக்' மட்டும் ஏன் 'புக்ஸ்' ஆகிறது என்று கேட்கலாம். பழைய ஆங்கிலத்தில் அதுவும் 'போக்', பன்மையில் 'பேச்' என்றே மாறியது. பிற்காலத்தார் மற்றப் பெயர்ச்சொற்களைப் பார்த்து 'ஸ்' சேர்த்துச் சீராக்கிவிட்டார்கள். சீரற்ற வடிவம் பெரும்பாலும் பழையது, சீரானது பெரும்பாலும் பிற்காலத் திருத்தம் என்பது இந்த வேலையில் அடிக்கடி கைகொடுக்கும்.

படி 3: உடன்பிறப்புகளை ஒரே வரியில் நிறுத்துவது

ஜெர்மானிய மொழிகள் மூன்று கிளை. மேற்கில் ஆங்கிலம், ஃபிரிசியன், டச்சு, ஜெர்மன். வடக்கில் பழைய நார்ஸ், அதன் வழிவந்த ஐஸ்லாண்டிக், சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜியன். கிழக்கில் கோதிக், அது அழிந்துவிட்ட மொழி. தொல் ஜெர்மானிய வடிவம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு கிளையிலிருந்து சான்று வேண்டும். டச்சும் ஜெர்மனும் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி பைபிள் வசனம். ஒரே வாக்கியம் எல்லா மொழியிலும் கிடைக்கும், பொருள் மாறாது. நம் சொல்லுக்கு மத்தேயு 5:38 கச்சிதமாகப் பொருந்துகிறது. தமிழில் "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்". நான்காம் நூற்றாண்டில் கோத்தியரின் ஆயரான உல்ஃபிலா செய்த கோதிக் மொழிபெயர்ப்பில் இன்று எஞ்சியிருப்பதன் பெரும்பகுதி, சுவீடனில் உப்சாலாவில் காக்கப்படும் வெள்ளிச் சுவடியில் இருக்கிறது. அங்கே இந்த வசனத்தில் பல் 'டுன்ஃது', 'டுன்ஃதவ்' என்று இரண்டு வேற்றுமையில் வருகிறது. பழைய ஆங்கில நற்செய்தியில் 'டோஃத் ஃபோர் டேஃத்'. பன்மையில் பார்த்த ஏகாரம் இங்கே ஒருமையின் வேற்றுமை வடிவத்திலும் வருவதைக் கவனியுங்கள், அந்த விகுதியிலும் இகரம் இருந்திருக்கிறது. லூதரின் ஜெர்மன் பைபிளில் 'ட்ஸான் உம் ட்ஸான்'. இலத்தீனில் 'டென்டெம் ப்ரோ டென்டெ'. கிரேக்கத்தில் 'ஒடொந்தா', 'ஒடொந்தொஸ்'.

இப்போது வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்:

பழைய ஆங்கிலம் – டோஃத்
டச்சு – டான்ட்
பழைய உயர் ஜெர்மன் – ட்ஸன்ட், ட்ஸன், இன்று ட்ஸான்
பழைய நார்ஸ் – டொன். சுவீடிஷ், டேனிஷ் எழுத்தில் டான்ட்
கோதிக் – டுன்ஃதுஸ்

வரிசையைப் பார்த்ததும் இரண்டு கேள்வி எழ வேண்டும். ஜெர்மனில் மட்டும் 'ட்' ஏன் 'ட்ஸ்' ஆயிற்று? ஆங்கிலத்தில் மட்டும் 'ன்' எங்கே போயிற்று?

முதல் கேள்வி எளிது. தென்பகுதி ஜெர்மன் பேச்சில் மட்டும் இரண்டாவதாக ஒரு மெய்மாற்றம் நடந்தது. ட் சொல்லின் முதலில் ட்ஸ் ஆனது, உயிருக்குப் பின் ஸ் ஆனது. டென் – ட்ஸேன், டூ – ட்ஸ்வை, டங் – ட்ஸுங்கெ, வாட்டர் – வாஸர். ப என்பது ப்ஃப் அல்லது ஃப் ஆனது: ஆப்பிள் – ஆப்ஃபெல், ஷிப் – ஷிஃப். இது ஜெர்மனுக்கு உரிய வீட்டு விவகாரம். ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும்போது ஜெர்மன் வடிவத்தை இந்த மாற்றத்துக்கு முந்தைய நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 4: காணாமல் போன ன்

இதுதான் இந்தச் சொல்லின் மிக அழகான பகுதி, இங்கே அவசரப்பட வேண்டாம். ஆங்கிலமும் ஃபிரிசியனும் ஒரு பழக்கத்தைப் பகிர்கின்றன. ஃப், ஃத், ஸ் ஆகிய உரசொலிகளுக்கு முன் மூக்கொலி வந்தால் அது மறைந்துவிடும், போகும்போது முந்தைய உயிரை நெடிலாக்கிவிட்டுப் போகும். ஜெர்மனில் அந்த மூக்கொலி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

கூஸ் – கான்ஸ் (வாத்து)
மவுத் – முன்ட் (வாய்)
ஃபைவ் – ஃபுன்ஃப் (ஐந்து)
அஸ் – உன்ஸ் (நம்மை)
அதர் – ஆன்டர் (மற்ற)
சாஃப்ட் – சான்ஃப்ட் (மென்மை)

ஆறு சொல்லிலும் ஒரே இடத்தில் ஒரே ஒலி போயிருக்கிறது. இனி 'டூத் – ட்ஸான்' தனிச்சொல் அல்ல, ஏழாவது இணை. 'அன்' என்பதில் ன் மறையும்போது, மூக்கொலிச் சாயல் ஏறிய அ நீண்டு ஓகாரமானது. அந்த ஓகாரம்தான் படி 1-இல் நாம் பார்த்த ஊகாரத்தின் தகப்பன். எல்லாம் சேர்ந்து ஒரு கோட்டில் வந்துவிட்டது: டன்ஃத், டோஃத், டூத்.

இந்த ன் இன்னொரு கேள்விக்கும் விடை தருகிறது. சொல் ஆங்கிலத்துக்குச் சொந்தமா, 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் சொல்லா? நார்ஸில் ன் இருக்கிறது. அங்கிருந்து வாங்கியிருந்தால் ஆங்கிலத்தில் இன்று ன் ஒலித்திருக்கும். ஒலிக்கவில்லை, ஆகவே சொந்தச் சொல். மற்றச் சொற்களுக்கு இந்தச் சோதனை வேறு வடிவில் வரும். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்' எல்லாம் 'ஷ்' ஆகிவிட்டது. ஆகவே 'ஷர்ட்' சொந்தம், 'ஸ்கர்ட்' நார்ஸ். 'ஸ்கை', 'ஸ்கின்' இரண்டும் நார்ஸ்.

படி 5: தொல் ஜெர்மானிய வடிவத்தை எழுதுவது

சான்றுகளை ஒலி ஒலியாகக் கூட்டுங்கள். முதல் ஒலி: ஜெர்மன் ட்ஸ் பிற்காலத்தது, எனவே ட். கடைசி ஒலி: ஆங்கிலமும் கோதிக்கும் ஃத் காட்டுகின்றன, எனவே ஃத். நடுவில் ன் உறுதி. உயிர் மட்டும் சிக்கல். மேற்கிலும் வடக்கிலும் அ, கோதிக்கில் உ.

இங்கே பெரும்பான்மை பார்த்து கோதிக்கைத் தள்ளிவிடக் கூடாது. தொல் மொழியில் இந்தப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமைக்கு ஏற்ப இரண்டு வேர்வடிவம் இருந்தது. ஒன்றில் நடுவே முழு உயிர் இருக்கும். மற்றொன்றில் உயிர் இல்லாமல் ன் தானே அசையாக நிற்கும். தனித்து நிற்கும் அந்த ன் ஜெர்மானியத்தில் எப்போதும் 'உன்' ஆகும். ஒரு கிளை முழு உயிர் வடிவத்தையும் மற்றொரு கிளை தேய்ந்த வடிவத்தையும் பொதுவாக்கிக்கொண்டன. ஆகவே *டன்ஃத்-, *டுன்ஃத்- என்று இரண்டையும் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் எழுதி முடித்தால் கோதிக் சான்று அந்தரத்தில் நிற்கும்.

படி 6: கிரிம் விதியைக் கடப்பது

டென்மார்க்கின் மொழியறிஞர் ரஸ்க் 1818-இல் கவனித்து எழுதியதை, யாகோப் கிரிம் 1822-இல் ஒழுங்கான விதியாக வகுத்தார். கிராமியக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். விதி மூன்று பகுதி:

அதிராத ப, த, க உரசொலிகளாகும்: ஃப், ஃத், ஹ்.
அதிரும் ப, த, க அதிர்வை இழக்கும்.
அதிர்வும் மூச்சும் கலந்த ஒலி (பரதன், தர்மம், கோஷம் என்பவற்றின் வடமொழி முதல் ஒலி) மூச்சை இழந்து வெறும் அதிரொலியாகும்.

மற்ற நாட்டு மாணவர்கள் வடமொழிச் சொற்களை அகராதியில் தேடிச் சேர்க்க வேண்டும். நம் பேச்சிலேயே அவை கலந்து கிடக்கின்றன. பிதா – ஃபாதர். பாதம் – ஃபுட். திரிசூலத்தில் உள்ள திரி – த்ரீ. சதம் – ஹன்ட்ரட். இவை நான்கும் முதல் பகுதி. சதத்தில் உள்ள ச முன்பு க. இலத்தீன் 'கென்டும்' அந்தக் கவைக் காட்டுகிறது. தசம் – டென், ஞானம் – நோ, தேவன் – டியூஸ்டே என்பவை இரண்டாம் பகுதி. 'நோ' என்பதை எழுதும்போது முன்னால் போடும் ஒலிக்காத 'கே' வீண் அல்ல, பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது, ஞானத்தின் மூல வேரிலிருந்த அதிரும் க அங்கே அதிராத க ஆகி நிற்கிறது. டியூஸ்டே என்பது டீவ் என்ற ஜெர்மானியக் கடவுளின் நாள். அந்த டீவ் தேவனின் உடன்பிறப்புச் சொல். பாரம் – பேர் (சுமத்தல்), விதவை – விடோ, மத்தியம் – மிட் என்பவை மூன்றாம் பகுதி.

இனி தந்தத்துக்கு வாருங்கள். அதிரும் த அதிர்வை இழந்தால் ட். நடுவே ன். அதிராத த உரசொலியானால் ஃத். கிடைப்பது டன்ஃத். படி 5-இல் ஜெர்மானிய மொழிகளை மட்டும் வைத்து, வடமொழியை ஒருமுறையும் பார்க்காமல் நாம் எழுதிய வடிவம் இதுவேதான். இரு பக்கமிருந்து தோண்டிய சுரங்கம் நடுவில் சந்தித்துவிட்டது. லித்துவேனியனின் 'டன்டிஸ்', இலத்தீனின் 'டென்ட்-', கிரேக்கத்தின் 'ஒடொந்த்-' எல்லாம் அதே இடத்தில் வந்து சேர்கின்றன.

வேருக்கு உள்ளே இன்னும் ஒரு படி போகலாம். 'உண்' என்று பொருள்படும் 'எட்' என்ற வேரின் எச்ச வடிவம்தான் இது, அதாவது 'தின்பது' என்பது பலர் முன்வைக்கும் கருத்து. ஆங்கில 'ஈட்' அதே வேர், அதிரும் ஒலி அதிராத ட் ஆகியிருப்பதைப் பாருங்கள். சோறு என்ற பொருளில் வரும் வடமொழி அன்னமும் அதே வேர். இதைக் குறிப்பில் 'கருத்து' என்றே எழுதுங்கள். ஒலிவிதியால் நிறுவியதையும் பொருள் பொருத்தத்தால் ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

கிரிம் விதி பொய்ப்பது போலத் தெரியும் இடங்கள்

ஸ்-க்குப் பின்னால் வரும் ப, த, க மாறாது. ஸ்தானம் – ஸ்டான்ட் என்பதில் த உரசொலி ஆகவில்லை. இன்னொரு உரசொலிக்குப் பின்னால் வந்தாலும் மாறாது, 'எய்ட்' என்பதன் கடைசி ட் அஷ்டத்தின் ட போலவே அதிராமல் நிற்பது அதனால்தான்.

அடுத்தது வெர்னர் விதி. கார்ல் வெர்னர் 1870களில் கண்டுபிடித்தது. வேத மொழியில் 'பிதர்' என்பதன் அழுத்தம் கடைசி அசையில், 'ப்ராதர்' என்பதன் அழுத்தம் முதல் அசையில். அழுத்தம் முன்னால் இல்லாத இடத்தில் ஜெர்மானிய உரசொலி அதிரத் தொடங்கிப் பின்னர் அதிரும் ட் ஆனது. எனவே பழைய ஆங்கிலத்தில் தந்தை 'ஃபேடர்', சகோதரன் 'ப்ரோஃதோர்'. ஜெர்மன் இன்றும் இதைக் காக்கிறது: 'ஃபாட்டர்' அதிராத ட், 'ப்ரூடர்' அதிரும் ட்.

இப்போது இன்றைய 'ஃபாதர்' என்பதைப் பாருங்கள். நடுவில் உரசொலி இருக்கிறது, கிரிம் விதிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அது பழைய உரசொலி அல்ல. இடைக்காலத்தின் இறுதியில் 'அர்' முன் வந்த அதிரும் ட் எல்லாம் உரசொலியானது. 'மதர்', 'வெதர்', 'கேதர்' எல்லாம் அப்படி மாறியவைதான். இன்றைய வடிவத்தை நேரே பிதாவோடு ஒப்பிட்டவர் சரியான விடையைத் தவறான வழியில் எட்டியிருப்பார். படி 2-ஐத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தவறான உறவுகள்

தினமும் 'டே'யும். பொருள் ஒன்று, ஒலியும் அருகில். ஆனால் வடமொழியின் அதிரும் த ஆங்கிலத்தில் அதிராத ட் ஆக வேண்டும். 'டே' அதிரும் ஒலியில் தொடங்குகிறது. உறவில்லை. இலத்தீன் 'டியேஸ்' என்பதற்கும் இதே தீர்ப்பு. இலத்தீன் 'ஹபேரெ'யும் ஆங்கில 'ஹேவ்' என்பதும் இப்படித்தான்: இரண்டுக்கும் பொருள் 'வைத்திருத்தல்', ஆனால் ஆங்கில ஹ் பழைய க-விலிருந்து வருவது. 'ஹேவ்' என்பதன் உண்மையான இலத்தீன் உறவு 'பிடி' என்ற பொருளுள்ள 'கபெரெ'.

'ஒன்' என்பதில் வரும் வகரச் சாயலுள்ள தொடக்கம் இடைக்காலத்தின் பிற்பகுதியில் வட்டாரப் பேச்சிலிருந்து வந்தது. பழைய வடிவம் 'ஆன்', அதற்கு முன் *ஐன-. 'அலோன்', 'ஓன்லி' என்பவற்றில் அந்தப் பழைய உயிரின் வழி இன்றும் கேட்கிறது. தமிழ்ப் பக்கம் ஒன்று என்பதன் அடி 'ஒரு', 'ஒன்'. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. எட்டின் அடி 'எண்' என்பதை எண்பது, எண்ணூறு காட்டும். 'எய்ட்' என்பதன் பழைய நடுவொலி க். இங்கும் விலகல். உண்மையான உறவில் பின்னோக்கிப் போகும்போது இரு வடிவமும் நெருங்க வேண்டும். தமிழ் வடமொழியிலிருந்து பிறக்கவில்லை, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-இல் சென்னையில் வேர்ச்சொல் பட்டியலைக் கொண்டுதான் காட்டினார். கிரிம் விதி அச்சேறுவதற்கு ஆறாண்டு முன்பு.

'கட்டமரான்', 'செரூட்' போன்றவை வேறு வகை. கட்டுமரமும் சுருட்டும் கப்பல் ஏறிப் போன கடன்சொற்கள். வேர் உறவு பற்றி அவை எதுவும் சொல்லாது.

கடன்சொல்லுக்கு வயது கணிப்பது

ஆங்கிலத்தில் அதிராத ப-வில் தொடங்கும் சொல்லைக் கண்டால் எப்போதும் சந்தேகியுங்கள். தொல் மொழியில் அதிரும் ப மிக அரிது, ஆகவே அதிலிருந்து வர வேண்டிய ஜெர்மானிய ப-வும் அரிது. அப்படிப்பட்ட சொல் பெரும்பாலும் இரவல். 'பெப்பர்' என்பதை எடுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'பிபொர்', இலத்தீனில் 'பிபெர்', கிரேக்கத்தில் 'பெபெரி', அதற்கு மூலம் திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலி. முதல் ப ஃப் ஆகவில்லை, எனவே கிரிம் மாற்றம் முடிந்த பிறகு ஜெர்மானியர் வாங்கியது. ஆனால் ஜெர்மனில் அது 'ப்ஃபெஃபர்'. அங்கே நடந்த இரண்டாவது மாற்றத்துக்கு ஆட்பட்டிருக்கிறது, எனவே அதற்கு முன்பே வாங்கியது. இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் வயது சிக்கிவிட்டது: உரோமானியரோடு வணிகம் நடந்த காலம். முசிறித் துறையில் யவனர் கலம் பொன்னைக் கொடுத்துக் கறியை ஏற்றிச் சென்றதாக அகநானூறு 149 பாடும் அதே வணிகம். அங்கே 'கறி' என்றால் மிளகு.

குறிப்பை எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே இன்றைய வடிவம், கீழே ஒவ்வொரு காலத்து வடிவமும் தனி வரியில். இரு வரிக்கும் இடையில் எந்த விதி வேலை செய்தது, அந்த விதிக்கு மூன்று இணைச்சொல் எவை என்று கட்டாயம் எழுதுங்கள். விதி எழுத முடியாத இடைவெளி இருந்தால் அதை வெறுமையாக விடுங்கள், ஒலி ஒற்றுமையால் அடைக்காதீர்கள். இரவலாக வந்த கிளைகளை ஓரத்தில் தனியே குறியுங்கள். நம் சொல்லுக்கு அந்த ஓரம் நிரம்பிவிடும்: இலத்தீனிலிருந்து 'டென்டல்', பிரெஞ்சிலிருந்து 'டென்டிஸ்ட்', மூன்று பல் கொண்ட 'ட்ரைடென்ட்', பிரெஞ்சில் சிங்கப்பல் என்ற பொருளுள்ள 'டான்டிலையன்' பூ, கிரேக்கத்திலிருந்து 'ஆர்த்தோடான்டிஸ்ட்'. இவற்றில் எல்லாம் முதல் ஒலியோ நடு ஒலியோ அதிரும் ட் ஆகவே இருக்கிறது, ன்-னும் இருக்கிறது. கிரிம் மாற்றத்தையும் ன் இழப்பையும் இவை கண்டதே இல்லை, அதனால் கடன் என்று பார்த்ததும் தெரிகிறது.

ஆங்கிலத்தில் யானைத் தந்தத்துக்கு உள்ள 'டஸ்க்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'டூஸ்க்', 'டூக்ஸ்' என்று இருவிதமாக எழுதப்பட்ட இது 'டூத்' என்பதற்கு நெருங்கிய உறவு. பிள்ளையாரின் ஏகதந்தன் என்ற பெயரில் உள்ள தந்தமும் இதுவும் ஒரே பொருளில், ஒரே வேரில் நிற்கின்றன.

அடுத்த பயிற்சிக்கு 'கூஸ்' எடுங்கள். மேலே சொன்ன விதிகளில் பல அதில் வரும்: இரட்டை ஓ, பன்மையில் ஏகாரம், மறைந்த ன், மூச்சு கலந்த க. ஜெர்மன் 'கான்ஸ்' உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறுமுனையில் ஹம்ஸம் நிற்கிறது.